ஒரு பக்கம் கடல்

பழைய நில அளவைத் தாள்களையும் புதிய வரைபடங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. கடலோரப் புறநகர் ஒன்றின் எல்லையை டிரேசிங் தாளில் பெயர்த்து வரையும்போதெல்லாம் ஒரே இடத்தில் கை நின்றுவிடும். நிலத்தை நோக்கிய மூன்று பக்கங்களிலும் ஒரு சாலையோ வாய்க்காலோ எல்லைக்கல்லோ வழிகாட்டும். அவற்றை ஒட்டிப் பேனாவை இழுத்துக்கொண்டு போகலாம். நான்காவது பக்கம் கடல். தாளில் அங்கும் ஒரு கோடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தண்ணீர் எங்கே நின்றபோது அந்தக் கோட்டை இழுத்தார்கள் என்பதைத் தாளின் ஓரக் குறிப்புகளைத் தேடிப் படித்தால்தான் அறிய முடியும். ஊரின் பரப்பளவு, மக்கள்தொகை, அடர்த்தி என்று நாம் எழுதும் மூன்று எண்களும் இந்த ஒரு கோட்டின்மேல் நிற்பதால், இதைப் பற்றி விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

விடியற்காலையில் மணற்கரையில் நின்று கீழே பார்த்தால் ஒன்றுக்கு மூன்று கோடுகள் தெரியும். அலை வந்து திரும்பும் இடத்தில் மணல் கறுத்து இறுகிக் கிடக்கும். அது முதல் கோடு. சற்று மேலே, முந்தைய ஏற்றத்தில் வந்த நீர் விட்டுச்சென்ற கிளிஞ்சல் துண்டுகளும் சருகும் நுரை காய்ந்த தடமும் வளைந்து வளைந்து ஒரு வரிசையாகக் கிடக்கும், அது இரண்டாவது. அதற்கும் மேலே அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தொடங்கும் இடம் மூன்றாவது. ஆண்டில் சில நாட்களைத் தவிர உப்புநீர் அதைத் தாண்டுவதில்லை. இவற்றுள் எதை ஊரின் எல்லை என்று கொள்வது என்பதில் நாடுகள் ஒத்துப்போவதில்லை. பிரிட்டனின் புள்ளியியல் அலுவலகம் இதற்காகவே இரண்டு வகை எல்லைகளை வெளியிடுகிறது. ஒன்று தாழ் ஓதம் வரை, அதாவது கடல்நீர் வற்றி நிற்கும் கோடு வரை, நீளும் முழு எல்லை. மற்றது உயர் ஓதக் கோட்டோடு, அதாவது நீர் ஏறி நிற்கும் கோட்டோடு, வெட்டி நிறுத்திய எல்லை. ஓர் ஊருக்கு இரண்டு பரப்பளவுகள் இருக்கலாம் என்று ஓர் அரசு அலுவலகமே ஒப்புக்கொண்டிருப்பதை நான் மிக நேர்மையான செயலாகக் கருதுகிறேன்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். கடலை ஒட்டி 1 கிலோமீட்டர் நீளமும், தாழ் ஓதக் கோட்டிலிருந்து உள்நோக்கி 1 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு புறநகரை மனத்தில் வரைந்துகொள்வோம். அங்கே 2,100 பேர் வாழ்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். கடலின் ஏற்றவற்றம், அதாவது நீர் ஏறி நிற்கும் மட்டத்துக்கும் வற்றி நிற்கும் மட்டத்துக்கும் உள்ள உயர வேறுபாடு, 1 மீட்டர். கரையின் சரிவு ஐம்பதுக்கு ஒன்று. அப்படியானால் நீர் 1 மீட்டர் உயர்வதற்குள் கரையின்மேல் 50 மீட்டர் தூரம் ஏறி வந்துவிடும். 1 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்த 50 மீட்டரைப் பெருக்கினால் 5 ஹெக்டேர். வற்றத்தின்போது 1.00 சதுர கிலோமீட்டராக இருக்கும் ஊர் ஏற்றத்தின்போது 0.95 ஆகிவிடுகிறது. அடர்த்தி முதல் கணக்கில் 2,100, இரண்டாவது கணக்கில் ஏறத்தாழ 2,210. ஒருவரும் குடிவரவில்லை, ஒரு குழந்தையும் பிறக்கவில்லை. ஆனாலும் ஊரில் நெரிசல் கூடிவிட்டது. சென்னைக் கரையில் ஏற்றவற்றம் ஏறத்தாழ இந்த அளவுக்குத்தான் இருக்கும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது 10 மீட்டரையும், கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் 15 மீட்டரையும் தாண்டுகிறது. அத்தகைய கரைகளில் ஓர் ஊரின் பரப்பைச் சொல்லும்போது எந்தக் கோடு என்று சொல்லாமல் விடுவது, விலையைச் சொல்லி எடையைச் சொல்லாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

பரப்பாவது இப்படி இரண்டு எண்களுக்குள் அடங்குகிறது. கடற்கரையின் நீளமோ எதிலும் அடங்குவதில்லை. அளக்கும் கோல் சிறிதாகச் சிறிதாக ஒவ்வொரு வளைவும் நெளிவும் கணக்கில் சேர்ந்து நீளம் கூடிக்கொண்டே போகும் என்பதை பிரிட்டிஷ் அறிவியலாளர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் கண்டார். 1967இல் கணிதவியலாளர் மாண்டல்பிராட் அதைக் கணிதமாக வளர்த்தெடுத்தார். இந்தியாவின் கடற்கரை நீளம் நெடுங்காலமாக 7,516 கிலோமீட்டர் என்று பாடப்புத்தகங்களில் இருந்தது. அண்மையில் அது 11,098 கிலோமீட்டராகத் திருத்தப்பட்டிருக்கிறது. நாடு கடலுக்குள் வளர்ந்துவிடவில்லை. முன்பைவிடப் பன்மடங்கு நுணுக்கமான வரைபடத்தில் அளந்தார்கள், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது நீரின் அசைவு. மணலும் அசைகிறது என்பதுதான் இதைவிடக் கவலை தருவது. அலைகள் கரையைச் சாய்வாக வந்து மோதுகின்றன. அதனால் மணல் கரையோரமாகவே ஒரு திசையில் நகர்ந்துகொண்டிருக்கிறது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் தெற்கு நோக்கியும் மணல் செல்கிறது. ஆண்டு முடிவில் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கி, கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அவை இந்த ஓட்டத்தின் குறுக்கே நின்றன. தெற்கேயிருந்து வந்த மணல் அங்கேயே தங்கி மெரினாவை அகலமாக்கியது. வடக்கே இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிய கரைக்கு வரவேண்டிய மணல் வராமற்போய், கடல் வீடுகளை நோக்கி ஏறிவந்தது. இன்று அந்தப் பகுதியின் பெரும்பகுதியில் மணலுக்குப் பதிலாகக் கருங்கற்களே கரையாக இருக்கின்றன. புதுச்சேரியிலும் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு வடக்கே நகரத்தின் கரை தேய்ந்து, கற்குவியல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு புறநகருக்குக் கூடிய நிலமும் இன்னொரு புறநகர் இழந்த நிலமும் ஒரே கணக்கேட்டின் வரவும் செலவுமாக எழுதப்பட வேண்டியவை. ஆனால் அவை தனித்தனி ஊர்களின் பெயரில் இருப்பதால் யாரும் சேர்த்துப் படிப்பதில்லை.

இனிக் கரையிலிருந்து உள்ளே நடப்போம். மணற்பாங்கான கடற்கரை ஊர்களின் குறுக்குவெட்டுத் தோற்றம் உலகெங்கும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருக்கிறது. முதலில் கரை, பிறகு காற்றும் அலையும் குவித்த மணல்மேடு, அதற்குப் பின் ஒரு தாழ்வு, பின்னர் பழைய காலத்துக் கடற்கரையாக இருந்த இன்னொரு மேடு, அதற்கும் பின்னே கழியோ சதுப்போ. சங்கப் பாடல்களில் அலை குவித்த மணல்மேட்டுக்கு எக்கர் என்றும், கரையோரச் சோலைக்குக் கானல் என்றும், உப்புநீர் நிற்கும் இடத்துக்குக் கழி என்றும் தனித்தனிச் சொற்கள் இருப்பதைக் காணும்போது, நெய்தல் நிலத்தை அன்றே இப்படிக் குறுக்காக நடந்து பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். சாலைகள் மேட்டின் முதுகில் கடலுக்கு இணையாக ஓடும், ஏனெனில் மழைக்காலத்தில் நீர் தேங்காத இடம் அதுதான். வாய்க்கால்கள் தாழ்வில் ஓடும். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையும் பக்கிங்ஹாம் கால்வாயும் இந்த ஒழுங்கை அப்படியே பின்பற்றுகின்றன. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை ஆகியவை கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு நாடாவைப் போல நீண்டு கிடப்பதற்கும் இதுவே காரணம்.

நாடா வடிவத்துக்கு ஒரு விலை உண்டு. உள்நாட்டு ஊரில் பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ நடுவில் இருந்தால் 1 கிலோமீட்டர் ஆரத்துக்குள் 3.14 சதுர கிலோமீட்டர் நிலத்தில் உள்ள மக்கள் அதற்கு நடந்து வரலாம். அதையே கடற்கரையில் கட்டினால் வட்டம் பாதியாகி 1.57 ஆகிவிடும். பேருந்துத் தடத்துக்கும் இதே நிலைதான். கடலோரப் புறநகர்களில் வசதிகள் தாமதமாகவே வருவதற்குப் புறக்கணிப்பை மட்டும் காரணமாகச் சொல்வார்கள். அதில் பெருமளவு உண்மை இருந்தாலும் இந்த அரைவட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது மக்கள். சிறிய ஊரின் மக்கள்தொகையைப் படிப்பதற்குப் பெருநகரின் மக்கள்தொகையைப் படிப்பதைவிடக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 3,000 பேர் வாழும் இடத்தில் 200 வீடுகள் கொண்ட ஒரே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்து, வீட்டுக்கு மூவர் குடிவந்தால் மக்கள்தொகை ஒரே ஆண்டில் 20 விழுக்காடு உயர்ந்துவிடும். அது ஒரு போக்கு அன்று, ஒரு கட்டடம் மட்டுமே. ஆஸ்திரேலியாவில் புறநகர் என்பது அரசிதழில் வரையறுக்கப்பட்ட எல்லை கொண்ட தனி அலகு என்பதால், மிகச் சிறிய கடலோரக் குடியிருப்புக்கும் தனி எண்ணிக்கை கிடைக்கிறது. ஆனால் தனிநபர்களை அடையாளம் காண முடியாதபடி சிறிய எண்களை அவர்கள் வேண்டுமென்றே சற்று மாற்றி வெளியிடுவதால், அட்டவணையின் வரிசைகளைக் கூட்டினால் மொத்தத்தோடு பொருந்தாமல் ஒன்றிரண்டு வேறுபடும். முதன்முறை அதைக் கண்டபோது நான் தவறாகக் கூட்டிவிட்டதாக எண்ணி ஒரு மாலை முழுவதும் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

எந்த நாளில் எண்ணினார்கள் என்பதும் கடலோரத்தில் எண்ணையே மாற்றிவிடக்கூடிய ஒன்று. ஆஸ்திரேலியாவின் கணக்கெடுப்பு ஆகஸ்டு மாதத்தில் நடக்கிறது. அங்கே அது குளிர்காலம், பயணங்கள் குறைவாக இருக்கும் காலம். கோடையில் நிரம்பி வழியும் கடற்கரை ஊரில் அந்த இரவில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். அதனால் அவர்கள் இரண்டு எண்ணிக்கைகளை எடுக்கிறார்கள்: அந்த இரவு அங்கே இருந்தவர்கள், வழக்கமாக அங்கே வாழ்பவர்கள். இவ்விரண்டுக்கும் பூட்டிய வீடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் படித்தால்தான் விடுமுறை வீடுகளின் ஊர் எது, ஆண்டு முழுவதும் அடுப்பெரியும் ஊர் எது என்று பிரித்தறிய முடியும். இந்தியாவில் 2011 கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. மார்ச் 1 தொடங்கும் நள்ளிரவு அதன் குறிப்பு நேரம். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காமற்போனதால், மிக வேகமாக மாறிய கடலோரப் புறநகர்களைப் பற்றிக்கூட நாம் இன்னும் 2011இன் எண்களை வைத்துக்கொண்டே பேசுகிறோம்.

புறநகர் என்று ஓர் ஊரை எப்போது அழைப்பது என்பதிலும் கடலோரத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தியக் கணக்கெடுப்பில் ஓர் ஊர் நகர்ப்புறமாக எண்ணப்பட 5,000 பேர் இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி வேண்டும். ஆண் முதன்மைத் தொழிலாளர்களுள் குறைந்தது 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். 1961, 1971 கணக்கெடுப்புகளில் மீன்பிடித்தல் வேளாண்மை அல்லாத தொழிலாகக் கொள்ளப்பட்டது. 1981இல் அது வேளாண்மையோடு சேர்க்கப்பட்டது. அந்த வரையறையின்படி, வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நெருங்கி நிற்கும் மீனவர் ஊர் ஒன்று, அதன் ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள் என்ற ஒரே காரணத்தால் கிராமமாக எண்ணப்படலாம். அதற்கு அடுத்ததாகத் தோட்டம் சூழத் தள்ளித் தள்ளி வீடுகள் நிற்கும் குடியிருப்பு, அங்கிருப்போர் அலுவலகம் போவதால் அந்த நிபந்தனையை எளிதாகக் கடந்துவிடலாம். கண்ணால் பார்ப்பவர் எவரும் இதை ஏற்கமாட்டார்.

எல்லை இணைப்பு இன்னொரு வகையில் எண்களை மறைக்கிறது. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, அதனோடு சேர்ந்த 42 உள்ளாட்சி அமைப்புகளுள் வடக்கே கத்திவாக்கம், திருவொற்றியூர் போன்றவையும் தெற்கே நான் முன்பு சொன்ன நாடா ஊர்களும் இருந்தன. அதுவரை தனி வரியாக அச்சான ஊர்கள் அதன்பின் வார்டு எண்களாயின. வார்டு எல்லைகள் பழைய ஊர் எல்லைகளோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே அவ்வூர்களின் மக்கள்தொகையை முப்பது ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாகக் காட்டும் ஒரு கோட்டை வரைய முயல்பவர், பாதி வழியில் வேறு அலகுக்குத் தாவ நேர்கிறது.

இப்போது நம் கற்பனைப் புறநகரின் 2,100 பேருக்குத் திரும்புகிறேன். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடலோர ஊரகப் பகுதிகளை அடர்த்தியைக் கொண்டே பிரிக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் அது ஒரு வகை. மேலாண்மைத் திட்டம் உரிய ஒப்புதல் பெற்ற பின் அங்கே உயர் ஓதக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் மட்டும் கட்டுமானம் கூடாது. 2,161க்குக் குறைந்தால் தடை 200 மீட்டர் வரை நீளும். நம் ஊரின் பரப்பைத் தாழ் ஓதம் வரை எடுத்தால் அடர்த்தி 2,100, தடை 200 மீட்டர். உயர் ஓதத்தோடு நிறுத்தினால் 2,210, தடை 50 மீட்டர். நடைமுறையில் ஊரின் பரப்பு பெரும்பாலும் வருவாய்த்துறைப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படுவதால் அது இப்படி நாள்தோறும் ஆடாது என்பது உண்மைதான். ஆனால் கடல் ஐந்து ஹெக்டேரை விழுங்கிய பிறகும் பதிவேட்டில் அந்த நிலம் அப்படியே கிடக்கும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. 150 மீட்டர் அகல மணலின் கதி, நூறு பேர் வித்தியாசத்தில் தொங்கும் ஒரு வகுத்தல் கணக்கில் இருக்கும்போது, வகுக்கும் எண்ணை எப்படிப் பெற்றார்கள் என்று ஊரார் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

உண்மையில் ஒரு கடலோர ஊர் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை முடிவு செய்வது காலுக்கடியில் இருக்கும் நீர்தான். மணல்மேட்டில் பெய்யும் மழை கீழிறங்கி, உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனமானது என்பதால், நிலத்தடி நீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே இருந்தால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கைபென், ஹெர்ட்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கண்டறிந்த விதி இது. மகிழ்ச்சி தரும் இந்த நாற்பது, எதிர்த்திசையிலும் அதே வேகத்தில் வேலை செய்யும். மோட்டார் வைத்து இறைத்து நீர்மட்டத்தை 10 சென்டிமீட்டர் தாழ்த்தினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்புநீர் 4 மீட்டர் மேலேறும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடற்கரையில், கிணறு வெட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்த முதியவர் ஒருவர் மணலைக் கையால் பறித்துக்காட்டினார். அலையிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி முழங்கை ஆழம் பறித்ததும் குழியின் அடியில் மணல் கருத்து, மெல்ல நீர் ஊறியது. "குடிச்சுப் பாருங்க தம்பி" என்றார். உப்பே இல்லை. "ஆழமாத் தோண்டினா உப்புதான் வரும். அகலமாத் தோண்டணும்" என்று சொல்லிவிட்டுக் குழியை மூடினார். கைபென்–ஹெர்ட்ஸ்பெர்க் விதியை நான் புத்தகத்தில் படித்தது அதற்குப் பிறகுதான்; சூத்திரத்தைப் பார்த்ததும் அவர் கைதான் நினைவுக்கு வந்தது.

இந்த வில்லையையும் மக்கள்தொகையையும் சேர்த்துக் கணக்கிடலாம். நம் நகரங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்ட அளவு. 1 சதுர கிலோமீட்டரில் 3,000 பேர் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.48 லட்சம் கனமீட்டர் நீர் வேண்டும். அதே நிலத்தில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 லட்சம் கனமீட்டர். தேவை மழையில் 15 விழுக்காடு; வெயில் குடித்தது போக மீதியில் இதைப் பெற்றுவிட முடியும் என்று நம்பலாம். அங்கே 10,000 பேர் வந்தால் தேவை 49 விழுக்காடாகிறது. ஆவியாவதும் ஓடிப்போவதும் கழிந்தபின் அவ்வளவு நீர் மணலுக்குள் இறங்குவதே அரிது. இறங்கினாலும் முழுவதையும் எடுத்துவிட முடியாது, ஏனெனில் ஒரு பகுதி எப்போதும் கடலை நோக்கிக் கசிந்துகொண்டிருந்தால்தான் உப்பு பின்வாங்கி நிற்கும். மேலும் பத்தாயிரம் பேர் வரும் ஊரில் முற்றங்களுக்குச் சிமெண்டும் தெருக்களுக்குத் தாரும் போட்டிருப்பார்கள். மணல் குடிக்க வேண்டிய மழை வடிகாலில் போயிருக்கும். மக்கள் கூடும்போது தேவை ஏறுவதோடு வரவும் இறங்குகிறது. கடலோரப் புறநகர்கள் ஒரு தலைமுறைக்குள் கிணற்றை விட்டு லாரித் தண்ணீருக்குப் போய்விடுவது இப்படித்தான்.

உலகம் முழுவதற்கும் இந்தக் கணக்கு ஒன்றேதான். கடல்மட்டத்திலிருந்து 10 மீட்டருக்குள் கடலோடு தொடர்ந்து கிடக்கும் நிலம் உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். அதில் வாழ்வோர் உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 10 விழுக்காடு என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 1901இலிருந்து 2018 வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது; 2006க்கும் 2018க்கும் இடையே அது ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் ஏறியது. ஐம்பதுக்கு ஒன்று சரிவுள்ள நம் கரையில், அந்த வேகத்தில், வேறு எதுவும் மாறாவிட்டாலும், ஆண்டுக்கு 18 சென்டிமீட்டருக்கு மேல் கடல் உள்ளே வரும். நான் பெயர்த்து வரைந்த தாள்களுள் மிகப் பழையதன் ஓரத்தில் அளவெடுத்த ஆண்டு மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது, மாதமோ ஓதத்தின் நிலையோ இல்லை. இப்போதெல்லாம் நான் வரையும் தாள்களில் கடல் பக்கத்துக் கோட்டை மட்டும் பென்சிலால் இழுத்து, அதன் அருகே நாளையும், அது உயர் ஓதக் கோடா தாழ் ஓதக் கோடா என்பதையும் எழுதிவைக்கிறேன்.